மணலைத் தின்று பார்த்த மேஸ்திரி

கஞ்சிக்கோட்டைச் சுற்றி ஓடுகிற ஆறுகளை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். நாக்கால் பார்த்தவர் ஒருவர்தான். அவருக்குத் 'த்தூ மேஸ்திரி' என்று பெயர். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகமே.

வாசலில் கல் பாவுகிற வேலை அவருடையது. மணல் வண்டி வந்து நின்றதும் ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். நறநறவென்றால் தலையாட்டுவார். வழவழவென்றால் "த்தூ!" அந்தச் சத்தம் கேட்டால் வண்டிக்காரன் மறுபேச்சில்லாமல் மாட்டைத் திருப்பிவிடுவான்.

அது வெள்ளைக்காரர் ஆட்சிக் காலம். நான் நிலபுலன் நிறைந்த ஒரு பண்ணாடி வீட்டில் காரியஸ்தன். பண்ணாடியின் மூத்த மகள் கல்யாணத்தில் மழை பெய்து வாசல் சேறாகி, சம்பந்தி பந்தலில் வழுக்கி மாட்டுக் கொட்டகையில் போய் நின்றார். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஆகவே இளையவள் கல்யாணத்துக்கு முன் வாசல் முழுக்கக் கருங்கல் பலகை பாவ உத்தரவாயிற்று.

"காரியஸ்தரே, இந்தக் கலியாணத்துல ஒருத்தரு உளுந்தாலும் அடுத்த வண்டீல நீங்க உங்க ஊருக்குக் கெளம்பிக்கலாம்" என்றார் பண்ணாடி. எனக்கோ இரண்டு குழந்தைகள். ஊரில் போய் உட்கார ஒரு குழி நிலம் கிடையாது.

மேஸ்திரியோ ஆறு வண்டிகளைத் துப்பி அனுப்பினார்.

"ஏனுங்க மேஸ்திரி, இதுவும் ஆத்து மணல்தானுங்களே?" என்றேன்.

"ஆத்து மணலுதானுங்க. ஆனா எருமை படுக்கற எடத்துல அள்ளுனது. வெறும் வண்டலு."

வண்டிக்காரன் தலையைச் சொறிந்தான். ஏழாவது வண்டியை ரசித்து மென்றார். அப்பாடா என்று நான் உட்காரப்போனேன்.

"இது கல்லுக்கு அடியில பரப்பறதுக்குங்க. இடுக்குல ரொப்பறதுக்குப் பொடிசா, ஈரமில்லாம, சலிச்ச மணலு வேணுமுங்க."

"ரெண்டும் ஒரே மணலா இருந்தா என்னங்க?"

"பாயும் போர்வையும் ஒண்ணாங்க?"

கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில், கிணற்றோரம் ஏழெட்டுக் கல்லுக்கு மட்டும் அடிமணல் போதவில்லை. மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். அவர் துப்பிய வண்டலில் ஒரு வண்டியைத் திருப்பிக் கொண்டுபோகச் சோம்பல்பட்டு வண்டிக்காரன் வேலியோரம் கொட்டிவிட்டுப் போயிருந்தான். எனக்குப் புத்தி கெட்டுப் போயிற்று. கூலியாட்களை விட்டு அதையே பரப்பி, மேலே கல்லையும் போட்டுவிட்டேன். திரும்பி வந்த மேஸ்திரி வெறுங்காலோடு கல்லெல்லாம் நடந்து பார்த்தார். கிணற்றோரம் நின்றார். என்னைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

முகூர்த்த நாள் காலையில் வானம் பொத்துக்கொண்டது. ஆனால் வாசலில் ஒரு சொட்டு நிற்கவில்லை. இடுக்குகள் எல்லாத் தண்ணீரையும் குடித்துவிட்டன. சம்பந்திகள் மெச்ச, பண்ணாடி பூரித்துப் போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு மாப்பிள்ளையை எதிர்கொள்ளக் கிணற்றோரமாக வந்தார். கல் சாய்ந்தது. அடியிலிருந்து சேற்றுத் தண்ணீர் பீய்ச்சியடித்து அவர் மீசை வரைக்கும் போயிற்று. பண்ணாடி மல்லாந்தார்.

மூன்று வருஷமாக வாய் திறக்காத மூத்த சம்பந்தி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே கைகொடுத்துத் தூக்கியும் விட்டார். அத்தோடு அந்தப் பகை தீர்ந்தது. என் கதைதான் தீரவில்லை.

"எவன்டா இந்த எடத்துக்கு மணலு போட்டவன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி முன்னால் வந்தார். "நானுங்க பண்ணாடி. நல்ல மணலுன்னு நெனச்சுப் போட்டுட்டேனுங்க."

அத்தனை பேர் நடுவில் பண்ணாடி அவரை நார் நாராகக் கிழித்தார். மணலில் ஏமாந்த மேஸ்திரி என்று வண்டிக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

மறுநாள் அந்தக் கற்களைப் பெயர்த்துக்கொண்டிருந்தவரிடம் போனேன். "உங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க. கல்லைக் கெளப்புனா பண்ணாடி காரணம் கேப்பாரு. அதான், மழை வரப்படாதுன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்."

"மழை வந்தாத்தானுங்களே உங்க வேலையோட பெருமை தெரியும்?"

"ஆமாங்க" என்றார், அடுத்த கல்லைப் புரட்டியபடியே. "ஆனா உங்களுக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குதுங்களே."

அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அப்புறம் என் இரண்டு குழந்தைகளின் முகம் வருகிறது.