பந்தானந்தரின் உள்ளங்கை

விளையாட்டரங்க வாசலில் டிக்கெட் கவுன்ட்டர் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் பந்தானந்தரின் கூடாரத்தில் மூச்சு விட இடமில்லை. ஊரில் சர்வதேச ஹேண்ட்பால் போட்டிக்கான தகுதிச் சுற்று நடக்கிறது. பந்தை யார் எறிகிறார், யார் தடுக்கிறார் என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்? பந்து என்ன சொல்கிறது என்பதுதான் பேச்சு.

ஆமாம், பந்து பேசும். பந்தானந்தர் எல்லோர் முன்னாலும் சோப்புப் போட்டுக் கைகழுவுவார். துண்டில் துடைத்து, உள்ளங்கையை நாலு திசைக்கும் காட்டுவார். பயிற்சியில் புழங்கிய பழைய பந்தின் மேல் கையை வைத்துக் கேள்வி கேட்டுவிட்டுத் தூக்குவார். பந்து கையோடு ஒட்டி, தலைகீழாகத் தொங்கினால் "ஆமாம்". விழுந்தால் "இல்லை".

முதல் ஆட்டத்தில் ஜெயிப்போமா என்று கேட்டார்கள். ஒட்டியது. ஜெயித்தார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கும் ஒட்டியது. தோற்றார்கள். அரங்கத்தில் எவனோ ஒருவன் சந்தேகப்பட்டுவிட்டானாம். அந்த ஒருவனைக் கூட்டமே வலைவீசித் தேடியது. பந்தைச் சந்தேகிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

பந்து வழுக்காமலிருக்க ஹேண்ட்பால் வீரர்கள் விரல்களில் பிசின் பூசுவார்கள். பந்தானந்தர் அதே பிசினைச் சின்ன டப்பாவில் அடைத்து, "அருள் பிசின்" என்று ரசிகர்களுக்கு விற்றார். நீங்கள் கையில் பூசினால் வீரனின் கையில் பந்து நிற்கும் என்பது தத்துவம். விளைவு? கைதட்டப் போனவர்கள் கும்பிட்டபடியே வீடு திரும்பினார்கள். ஒருவர் பக்கத்து இருக்கைக்காரருடன் கைகுலுக்கினார். இருவரும் சேர்ந்தேதான் கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது.

இந்தக் கூத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்த ஒரே ஆள், கோல்கீப்பரின் மனைவி. அரங்கத்துக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருந்தாள். அவள் கணவனை ஊரே "கதவு" என்று கூப்பிடும். வீட்டுக் கதவை ஒருநாளும் தாழ் போட்டதில்லை; கோலில் நின்றால் மட்டும் கெட்டியாகச் சாத்திக்கொள்வான்.

பந்தானந்தரின் சிஷ்யர் ஒரு பெட்டி நிறைய அருள் பிசினோடு அவள் கடைக்கு வந்தார்.

"இதையும் உங்க கடையில வச்சு வித்துக் கொடுங்கம்மா. புண்ணியம்."

"இது எந்த நோய்க்கு?"

"எல்லாத்துக்கும்."

"அப்போ ஒண்ணுக்கும் ஆகாது. பெட்டியை எடுங்க. கவுன்ட்டர்ல ஒட்டிக்கப் போகுது."

மறுநாள் கூடாரத்தில் பந்தானந்தர் கண்ணை மூடினார். "கடைசி ஆட்டத்தில் கதவு கோலில் நிற்கலாமா?" என்று தாமே கேட்டுக்கொண்டார். இந்த முறை கை பந்தை லேசாகத்தான் தொட்டது; பந்து பொத்தென்று விழுந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. கோச் உடனே கதவைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்.

அவனுக்கு அது கடைசி வாய்ப்பு. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் சர்வதேசப் போட்டி. அடுத்த தகுதிச் சுற்று வருவதற்குள் அவன் முழங்கால்கள் ஓய்வூதியம் கேட்டு மனுப் போட்டுவிடும். அன்று மாலை சோபாவில் சுருண்டு கிடந்தவனின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள் அவள்.

"என்னாலதான்டா. அந்தப் பெட்டியை வாங்கி ஒரு மூலையில போட்டிருக்கலாம்."

"வாங்கியிருந்தா உன்கூடப் பேசியிருக்க மாட்டேன்," என்றான் அவன். "பந்தை நிறுத்த எனக்குப் பிசின் எதுக்கு? நான் பிடிக்கிறவனா? தடுக்கிறவன்."

உள்ளேயிருந்து ஓர் அலறல்.

சமையலறையில் அவன் அம்மா, கரண்டியும் கையுமாக நின்றிருந்தாள். கரண்டி கையை விட்டு வர மறுத்தது. பந்தானந்தரின் பக்தர்களில் அம்மாதான் தலைமை. தினமும் அவருக்குக் கைகழுவத் தண்ணீர்ப் பாத்திரம் ஏந்துகிறவள். மகன் பெஞ்சுக்குப் போனதும், சாமியின் மனம் இளக வேண்டுமென்று ஒரு டப்பா அருள் பிசினையும் முழங்கை வரை பூசியிருந்தாள்.

"சோப்புப் போட்டுத் தேய்ச்சுட்டேன்மா. போகவே மாட்டேங்குது!"

மருமகள் கரண்டியைப் பிடித்து இழுக்கப் போனவள், சட்டென்று நின்றாள்.

"அத்தை, என்ன சொன்னீங்க?"

"சோப்புப் போட்டும் போகலைங்கிறேன். உனக்குக் காதுலயும் பிசினா?"

மருமகள் கரண்டியைப் பிடுங்கிவிட்டு, அலமாரியிலிருந்த கணவனின் பழைய பந்தை மேசையில் வைத்தாள். "கையை வச்சுத் தூக்குங்க."

அம்மா தூக்கினாள். பந்து தலைகீழாகத் தொங்கியது.

"அடியே! எனக்கும் சக்தி வந்துடுச்சு!" அம்மா பந்தோடு கூடத்தைச் சுற்றி ஓடினாள். "டேய் கதவு, எழுந்து பாருடா! நான் சாமியாயிட்டேன்!"

சாமியை விரட்டிப் பிடித்து உட்கார வைத்தார்கள். பிளாஸ்திரிப் பசையை எதைக் கொண்டு எடுப்பாளோ, அதே எண்ணெயைப் பஞ்சில் நனைத்து, மருமகள் மாமியாரின் கையைத் துடைத்தாள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தாள். கணவனின் பையிலிருந்து, இன்னும் பிசின் படாத புதுப் பந்தை எடுத்தாள்.

"இப்போ தூக்குங்க."

பந்து மேசையை விட்டு அசையவில்லை.

"சக்தி எங்கடி போச்சு?"

"பஞ்சுல இருக்கு, அத்தை."

அம்மா பஞ்சைப் பார்த்தாள். பெஞ்சுக்குப் போன மகனைப் பார்த்தாள். மூக்கு விடைத்தது. "அந்தப் பாத்திரத்தை நாளைக்கும் நான்தானே தூக்கப் போறேன்?" என்று கேட்டாள். அவள் கேட்ட தொனி பந்தானந்தருக்கு நல்லதாக இல்லை.

மறுநாள், கடைசி ஆட்டத்துக்கு முன்னால், அரங்கத்தின் நட்டநடுவில் பூஜை. இருக்கைகள் நிரம்பி வழிந்தன. அம்மா பாத்திரத்தோடு வந்தாள். பின்னால் துண்டும் ஒரு பையுமாக மருமகள். பந்தானந்தர் கைகழுவி முடித்ததும் மருமகள் எண்ணெய்ப் பஞ்சை நீட்டினாள்.

"ஐயா, இதையும் ஒரு தடவை தடவிட்டு, மறுபடி சோப்புப் போட்டுக்குங்க. அப்புறம் இந்தப் புதுப் பந்தைத் தூக்குங்க."

பந்தானந்தர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "எண்ணெய் பட்டால் சக்தி கோபித்துக்கொள்ளும்."

"சோப்புக்குக் கோபிக்காதாமா?"

"அவ கிடக்கா, தள்ளுங்க," என்று அம்மா முன்னால் வந்தாள். முழங்கை வரை மீண்டும் பளபளப்பு. அதே பாத்திரம், அதே சோப்பு. கழுவினாள், துடைத்தாள், உள்ளங்கையை நாலு திசைக்கும் காட்டினாள். பழைய பந்தின் மேல் கையை வைத்தாள்.

"என் பையன் கோல்ல நிக்கலாமா?"

தூக்கினாள். பந்து தொங்கியது. கூட்டம் எழுந்து நின்றுவிட்டது.

அம்மா பந்தைப் பிய்த்துக் கீழே வைத்துவிட்டு, மறுபடி கையை வைத்தாள். "இந்த ஆளு புளுகனா?"

தூக்கினாள். தொங்கியது. பிய்த்து எறிந்தால்தான் விழும் போலிருந்தது.

"பந்தே சொல்லிடுச்சுப்பா!" என்று மாடியிலிருந்து ஒரு குரல். அரங்கம் குலுங்கியது. சிஷ்யர்கள் வெளியேறும் வாசலைத் தேடினார்கள். இரண்டு ரசிகர்கள் பந்தானந்தரின் கைகளை அன்போடு பிடித்தார்கள். அவர்கள் கையிலும் அருள் பிசின். அவர் எங்கே ஓடுவது? எண்ணெய் தடவி, சோப்புப் போட்டு, புதுப் பந்தைக் கொடுத்தார்கள். விரலை வளைத்தார், மூச்சை இழுத்தார், கண்ணை உருட்டினார். பந்து உருண்டு அவர் கால் கட்டைவிரலில் விழுந்தது.

கோச் தலையைச் சொறிந்தார். "எங்க பசங்களும் தினம் எண்ணெயிலதான் கை துடைக்கிறாங்க."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?" என்று கேட்டாள் மருமகள்.

"முதல் ஆட்டம் ஜெயிச்சுட்டோமேம்மா. எதுக்கு வம்புன்னு..."

அதுதான் விஷயம். பிசினிலேயே பிழைப்பு நடத்துகிற ஓர் அணி, பந்து கையில் ஒட்டியதைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றது. ஏமாற்ற வந்தவன் அதிகம் சிரமப்படவில்லை. எல்லோரும் சேர்ந்து உதவினார்கள்.

ஆட்டம் தொடங்கியது. கதவு கோலில் நின்றான். கடைசி நிமிடத்தில் ஊர் அணிக்கு ஒரே ஒரு கோல் முன்னிலை. எதிரணிக்கு ஏழு மீட்டர் எறி, அதாவது எறிபவனும் கதவும் மட்டும் நேருக்கு நேர். எறிபவன் எப்போதும் இடது மேல்மூலையைத்தான் தேடுவான் என்பதை, வாரக்கணக்கில் அவன் ஆட்டங்களைப் பார்த்தே கதவு தெரிந்து வைத்திருந்தான். தாவினான். பந்து முன்கையில் பட்டுத் தெறித்தது; விசில் ஊதி ஆட்டம் முடிந்தது. தடுப்பைத் தாண்டிக் குதித்து ஓடி வந்து, மருந்துக்கடைக்காரி அவனைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பிடிக்குப் பிசின் தேவைப்படவில்லை.

கூட்டமும் ஓடி வந்தது. ஆனால் அவனிடம் அல்ல, அம்மாவிடம்.

"தாயே! கையைக் காட்டுங்க! என் மகளுக்கு வேலை கிடைக்குமா, பந்தைக் கேட்டுச் சொல்லுங்க!"

"எனக்கு முதல்ல, தாயே!"

வரிசையே நின்றுவிட்டது. அம்மா இடுப்பில் கைவைத்து, அத்தனை பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். மருமகளின் பையிலிருந்து எண்ணெய்ப் புட்டியை எடுத்து, முதல் ஆளின் கையில் திணித்தாள்.

"இந்தாப்பா, நல்லா தேய். கையில இல்லை, தலையில. பிசின் ஒட்டியிருக்கிறது அங்கதான்."