மண் அறையில் காய்ச்சிய பால்

மாதா துணை

ஆலங்குடி,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்புத் தங்கச்சி சந்தனமேரிக்கு, அக்கா ஜெபமாலையம்மாள் அநேக முத்தங்களோடு எழுதிக்கொண்டது. மாதா புண்ணியத்தில் இங்கிட்டு என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கிட்டுப் பொன்னமராவதியில் உன் வீட்டுக்காரர், ஆடு, கோழி எல்லாம் சுகந்தானே.

போன மாசம் கல்யாணப் பந்தியில வச்சு, "ஒன் பேத்தி அம்புட்டுப் படிச்சிட்டு மண்ணு வீடா கட்டுறா?" என்று கேட்டாயே, அதற்குப் பதில் இது. நான் படித்தது அஞ்சாப்புத்தான், ஆனாலும் நல்லாக் கேட்டுக்க. ஷர்லி வரைந்திருப்பது வீடில்லை, முந்திரிக் கன்னுகளை வைத்து ஆராய்ச்சி பண்ணுற கட்டடம். சூளையில் சுடாத மண் கல்லு, ரெட்டைச் சுவரு, கூரைக்கு மேல ஒசரமா ஒரு காத்துக்கூண்டு. வெக்கை அது வழியா வெளியே போயிரும், ஏசியே வேண்டாம். போட்டிக்கு நிக்கிற எதிராளி வரைந்ததோ முச்சூடும் கண்ணாடி, ராப்பகலா ஏசி ஓடணும். ரெண்டில் எதுன்னு முடிவு பண்ண வெள்ளிக்கிழமை ஆபீசருங்க வாராக என்று, நம்ம கொல்லையில் மாதிரிக்கு ஒரு அறை கட்டி, கன்னுகளை அடுக்கி, சூடு பார்க்குற மீட்டரும் மாட்டி வைத்திருந்தாள். அவுகளுக்குப் பிடிக்கலைன்னா பிள்ளையோட ரெண்டு வருச உழைப்பும் வீண்.

அவுக ஜீப்புக்கு வழி காட்டிக் கூட்டியார அவள் பஸ் ஸ்டாண்டு போனதும் எனக்குத் திக்கென்றது. புது அறை, பால் காய்ச்சவே இல்லையே! கொத்தனார் ராக்கனைக் கூப்பிட்டேன். உள்ளேயே மூணு கல்லைக் கூட்டினோம். விறகு ஈரம், பால் பொங்க மாட்டேங்குது, பொங்காம எறக்கலாமா, நான் ஊத ராக்கன் விசிற, புகை கூண்டு வழியாச் செங்கச் சூளை மாதிரிக் கிளம்ப, வாசலில் வந்து நிக்குது ஜீப்பு.

"அப்பத்தா! என்னா பண்ணித் தொலைச்சீங்க?"

"பால் காய்ச்சாம யாருடி குடிபோவா?"

"இங்க செடி இல்ல குடிபோகுது!"

"செடின்னா எளப்பமா தாயி?" என்கிறான் ராக்கன்.

மீட்டர் நாப்பத்தொண்ணு காட்டுது. பிள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு. அந்தோணியாரே, காரியத்தைக் கெடுத்துட்டேனே என்று முந்தானையை வாயில் பொத்திக்கிட்டேன். பெரிய ஆபீசர் அன்புமொழி அம்மா அண்ணாந்து கூண்டையே பார்த்தாக. "அந்தக் கீழ்ச் சன்னலைத் திறங்க" என்றாக. திறந்ததுதான் தாமசம், வாளியைக் கெணத்துலருந்து இழுக்குற மாதிரி புகை மொத்தமும் மேலே ஏறிப் போயிருச்சு! அந்நேரம் பார்த்துப் பாலும் பொங்கிருச்சு. அடுப்பை அவிச்சு, ஆளுக்கு ஒரு டம்ளர் குடிச்சு முடிக்குமுன்னே மீட்டர் மளமளன்னு எறங்குது. "காத்து எப்படிப் போகும்னு படத்துல பார்த்தேன், இப்பத்தான் கண்ணால பார்த்தேன். இதையே கட்டிருவோம்" என்று அந்த அம்மா சொல்லிட்டாக.

ரெண்டு கன்னு எலை கருகிப்போச்சு. அதுக்கு ஷர்லி விடுவாளா? இனி எந்தக் கட்டடத்திலும் பால் காய்ச்ச மாட்டேன் என்று பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் வாங்கிட்டாள். நானும் மனசாரத்தான் பண்ணினேன்.

பேரன் பேத்திகளுக்கு என் ஆசீர்வாதம். மாதா உங்களைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா,
ஜெபமாலையம்மாள்

பி.கு.: பெரிய கட்டடம் அடுத்த தையில் திறக்குறாகளாம். வரும்போது ஒன் கல்யாணச் சீர்ப் பித்தளைப் பானையைச் சாக்குல சுத்தி, ஷர்லி கண்ணுல படாமக் கொண்டா. எடம் பெருசு, என் பானை மட்டும் பத்தாது. சத்தியம் பண்ணுனது நான்தானே, நீயில்லையே. காஞ்ச விறகுக்கு ராக்கன்ட்ட சொல்லிட்டேன்.