ஒன்பதுக்கு ஒன்று நீலம்

இரும்புலியூர்,
18-12-1992

என்றைக்கும் என்னைவிட ஐந்து வயது மூத்தவரான அக்கா தையல்நாயகி அவர்களின் சமூகத்துக்கு, தம்பி ஏகநாதன் பணிவோடு எழுதிக்கொண்டது. இங்கே நானும் காந்திமதியும் பிள்ளைகளும் நலம். என் கை முழங்கை வரை நீலமாக இருப்பதைத் தவிர வேறு குறையில்லை. பிலாய்க் குளிரில் நீயும் மாமாவும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

மாமா ரிடையர் ஆகிவிட்டார், பையன் பூனாவுக்குக் கூப்பிடுகிறான் என்று போன மாதம் எழுதியிருந்தாய். அதோடு, "நாம படியில உக்காந்து கணக்கு போட்டப்போ இருந்துதே ஒரு நீலம், அதை ஒரு தரம் பார்த்துட்டா அங்கேயே தங்கிடுவேன்டா, அது இல்லேன்னா பூனாதான்" என்றும் எழுதியிருந்தாய். படித்ததும் வாசலுக்கு ஓடிப்போய்ச் சுவரைப் பார்த்தேன். நம் வீடு சிமெண்டு நிறத்தில் நின்றது. கல்யாணமாகிப் போன பிறகு நீ வந்ததெல்லாம் இரண்டு நாள், மூன்று நாள். சுவரைப் பார்க்க உனக்கு நேரமேது? தை பிறந்ததும் வருகிறேன் என்கிறாய். ஒரு பக்கெட் நீலத்துக்காக உன்னைப் பூனாவுக்கு விட்டுக்கொடுப்பேனா நான்? ஆபீசுக்கு லீவு போட்டேன், பெயிண்டர் சவுரிமுத்துவைக் கூப்பிட்டேன், கலவையை மட்டும் நானே கலக்குகிறேன் என்றேன். அங்கேதான் பிடித்தது சனி.

மார்கழியானால் அப்பா வாசலில் நின்று "ஒம்போதுக்கு ஒண்ணு!" என்று தெருவே அதிரக் கத்துவாரே, ஞாபகமிருக்கிறதா? ஒன்பது சொம்பு சுண்ணாம்புக்கு ஒரு சொம்பு நீலம். நம் வீட்டுக்கு இருபது சொம்பு போதும் என்றார் சவுரிமுத்து. பதினெட்டு சுண்ணாம்பு, இரண்டு நீலம், சரியாகப் பத்து சதவீதம். நானும் இரண்டு சொம்பு நீலத்தை ஊற்றிவிட்டு டீ குடிக்க உள்ளே போனேன். அந்த நேரம் பார்த்து சவுரிமுத்து தன் பங்குக்கு இன்னும் இரண்டு ஊற்றிவிட்டார். போகட்டும், நீலம் இரண்டு சொம்பு கூடிவிட்டது, சுண்ணாம்பையும் இரண்டு சொம்பு கூட்டினால் சரியாகிவிடும் என்று ஊற்றினேன். சிரிக்காதே. இதே தப்புக்குத்தான் அன்றைக்கு உன்னிடம் குட்டு வாங்கினேன். சவுரிமுத்து சுவரில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். "இன்னா சார் இது? கோவளத்துல போட்டுக்கு அடிக்கிற கலரு மாரி கீது. வூட்டுக்கு அடிச்சா அப்பால கடல்ல தள்ள வேண்டியதுதான்" என்றார். எனக்கு வந்ததே கோபம்! நீற்றி வைத்திருந்த சுண்ணாம்பு முழுவதையும் டிரம்மில் கொட்டிவிட்டேன். எல்லாமாகச் சேர்ந்து சுண்ணாம்பு தொண்ணூறு சொம்பு, நீலம் அதே நாலு. "இப்ப நீலம் எங்க சார் கீது? பேஜார் பண்றியே!" என்று அவர் பிரஷைக் கீழே போட்டுவிட்டார்.

படியில் போய் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. அப்போதுதான் உன் குரல் கேட்டது. "மடையா, எது மாறலையோ அதைப் பிடிடா!" இனிமேல் சுண்ணாம்பு மாறப்போவதில்லை. தொண்ணூறு என்பது ஒன்பது பங்கு. அப்படியானால் ஒரு பங்கு பத்து. நாலு இருக்கிறது, இன்னும் ஆறு வேண்டும். ஓடிப்போய்க் கரைத்து ஊற்றிக் கிண்டினேன். வந்தது பார், அதே நீலம்! ஐம்பது வயது ஆண்பிள்ளை தெருவில் நின்று அழுதேன். ஆனால் தேவை இருபது சொம்பு, கையில் இருப்பது நூறு. டிரம் வழிந்து, அண்டா வழிந்து, காந்திமதியின் பொங்கல் பானையிலும் நீலம். "உங்க அக்கா வர்றதுக்குள்ள நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடறேன்" என்றாள் அவள். வேறு வழியில்லாமல் பக்கத்து வீட்டு அங்காளம்மாளுக்கும், பத்ரிநாராயணனுக்கும், முனை வீட்டு பேபிக்கும், எதிர்வீட்டு லாசரஸுக்கும் ஆளுக்கு இருபது சொம்பு கொடுத்தேன். கிறிஸ்மஸுக்கு ஆச்சு என்று வாங்கிக்கொண்ட லாசரஸ் கலவையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஏகா, இது இன்னா நீலம்னு தெரியுமா ஒனக்கு?" என்று ஆரம்பித்தார். எனக்கா தெரியாது? பக்கெட்டை எடுத்துக்கொண்டு போங்க என்று துரத்திவிட்டேன்.

ஐந்து வீட்டிலும் அடித்து முடிந்தாயிற்று. ஆக, இந்தத் தெருவின் நீலத்தில் நூறு சதவீதம் நம்முடையதாக இருந்தது போய், இப்போது இருபது சதவீதம்தான் நம்முடையது. நீயோ, "ஸ்டேஷனுக்கு வராதே, நீலத்தைப் பார்த்துக்கிட்டே நானே வந்துடுவேன்" என்று எழுதியிருக்கிறாய். ஐந்து வீட்டில் எதன் கதவைத் தட்டுவாய்? நான் வாசலிலேயே நிற்கிறேன். இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அன்று உனக்குப் பதினைந்து, எனக்குப் பத்து, மூன்றுக்கு இரண்டு. இன்று ஐம்பத்தைந்து, ஐம்பது, பதினொன்றுக்குப் பத்து. கணக்குப்படி நாம் வருஷா வருஷம் நெருங்கிக்கொண்டே வருகிறோம். நீ என்னடாவென்றால் பூனா பூனா என்கிறாய்.

மாமாவுக்கு என் நமஸ்காரம். காந்திமதி உன்னை மிகவும் விசாரித்தாள், பானை விஷயத்தையும் எழுதச் சொன்னாள். உன் ஆசிர்வாதத்தையும் ஒரு குட்டையும் எதிர்பார்க்கும்,
தம்பி ஏகநாதன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது லாசரஸ் வந்தார். "அன்னிக்கு நீ சொல்ல வுடல. இது எங்க வூட்டு நீலம்பா. கிறிஸ்மஸுக்கு எங்கப்பா அடிப்பாரு. உங்கப்பா உங்க வாசல்ல நின்னுகினு ஒம்போதுக்கு ஒண்ணு, ஒம்போதுக்கு ஒண்ணுன்னு எங்கப்பா உசுர வாங்குவாரு. உங்க வூடு எப்பவும் வெறும் வெள்ளைதான்" என்றார். நான் நம்பவில்லை. அவர் போன பிறகு நம் படியில் உட்கார்ந்து பார்த்தேன். நம் சுவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது அக்கா. கண்ணுக்கு நேராக இருப்பது லாசரஸ் வீடு. நம் வீட்டில் அன்று நீலம் சைபர் சதவீதம். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. நீ வருவதற்குள் நம் சுவரை வெள்ளையாக்கிவிடுகிறேன். வெறும் சுண்ணாம்புதான், கலக்க ஒன்றுமில்லை. நீ வந்ததும் வீட்டைப் பார்க்காதே. நேராகப் படியில் உட்கார்ந்து எதிரே பார். ஒன்பதுக்கு ஒன்று, துளியும் பிசகில்லை. கொஞ்சம் தள்ளி உட்கார், எனக்கும் இடம் வேண்டும்.