எல்லோருக்குமான இணையதளம்

சக்கரம், அச்சு இயந்திரம் ஆகியவற்றுக்குப் பிறகு மனித குலத்துக்குக் கிடைத்த மூன்றாவது பெருங்கொடை, 2016ஆம் ஆண்டு, நாகர்கோவில் கோட்டாற்றில், ஒரு பாத்திரக்கடை மாடியில் உருவானது. அந்த மாடியில் இயங்கும் 'தென்கோடி டெக்னாலஜீஸ்' நிறுவனத்தின் மனிதவள மேலாளர் என்ற முறையில் இதைத் தன்னடக்கத்துடன் அறிவிக்கிறேன்.

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் ஓர் அறக்கட்டளை, விண்ணப்பங்களைப் பெற எங்களிடம் ஓர் இணையதளம் கேட்டது. பார்வையற்றவர்களும் பிறர் துணையின்றி அதைப் பயன்படுத்த வேண்டும். பார்வையற்ற நிபுணர் ஒருவர் சோதித்துச் சான்றளிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எங்கள் எம்.டி. முத்துநாயகத்துக்குச் 'சமூகப் பொறுப்பு' ரத்தத்திலேயே உண்டு. நிபந்தனையைப் படித்ததும் அது பொங்கிவிட்டது.

அப்படி வந்தவர்தான் செல்வதாஸ். கருங்கல் என்ற ஊரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். அவர் கல்யாண ஆல்பம் செய்த காலம் முழுக்க அந்த வட்டாரத்தில் கறுத்த மணப்பெண்ணே கிடையாது. கம்ப்யூட்டரில் எல்லோரையும் வெளுத்துக் கொடுத்தார். திற்பரப்பு அருவியைத் தாண்டாத ஜோடிகளைப் பனிமலை முன்னால் நிறுத்தினார். பிறகு கண் நரம்பில் நோய் வந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கடைசி ஆல்பத்தில் மாப்பிள்ளையின் தலையை மாமனாரின் உடம்பில் ஒட்டிவிட்டார். அதோடு கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் முடங்கினார். யாருடனும் பேசவில்லை. மனைவி ஜிஷாதான் இழுத்துக்கொண்டுபோய்த் திருவனந்தபுரத்தில் ஒரு பயிற்சியில் சேர்த்தார். திரையில் இருப்பதை உரக்க வாசிக்கும் மென்பொருளைக் கொண்டு இணையதளங்களைச் சோதிக்கும் தொழில் அது.

அவர் சேர்ந்த அன்று, அவருடைய படத்தைப் போட்டு வாசலில் பிளெக்ஸ் வைத்து வரவேற்றோம்.

"பிளெக்ஸ்ல நான் எப்பிடி இருக்கேன் சாரே?" என்று கேட்டார்.

"நல்ல வெள்ளையா இருக்கீரு."

"அப்ப தொழில் தெரிஞ்சவன்தான் செய்திருக்கான்."

மறு வாரம் தளத்தைச் சோதித்தார். ஹெட்போனைக் கழற்றி, எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். மென்பொருள் பேசியது: "பட்டன். பட்டன். பட்டன்."

"இதுல எந்த பட்டன் விண்ணப்பத்த அனுப்பும், எது அழிக்கும்?" என்றார் செல்வதாஸ்.

"பச்சை அனுப்பும், செவப்பு அழிக்கும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே," என்றான் வடிவமைப்பாளர் ஜெஃப்ரின்.

"சின்னப் பிள்ளைக்குக் கண்ணு உண்டுல்லா மக்கா."

பட்டன்களுக்கெல்லாம் பெயர் எழுத வேண்டும், தளத்தின் பாதியை மாற்றிக் கட்ட வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார். திறப்பு விழாவோ திங்கட்கிழமை. வட்டக்கோட்டைக்குப் பக்கத்து ரிசார்ட்டில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. அவசரக் கூட்டம் கூடி, ஆழ்ந்து விவாதித்து, பிரச்சினையின் வேரையே தொடும் தீர்மானத்தை நிறைவேற்றினோம்: முகப்புப் பக்கத்தில், வெள்ளைக் கோலோடு புன்னகைக்கும் ஒருவரின் படத்தைப் பெரிதாகப் போடுவது.

படம் ஏறியதும் செல்வதாஸிடம் காட்டினோம். மென்பொருள் படத்தின் கோப்புப் பெயரை வாசித்தது: "ஐ.எம்.ஜி. ஃபைனல் ஃபைனல் டூ."

"இந்த ஃபைனல் ஆரு?" என்று கேட்டார் அவர்.

எம்.டி. அவரைத் தன் அறைக்கு அழைத்தார். நானும் இருந்தேன்.

"சான்றிதழ்ல ஒரு கையெழுத்துதான் ஓய். எங்க போடணும்னு நானே கையப் பிடிச்சுக் காட்டுகேன்."

"வேண்டாம் சாரே."

"நீரு என்ன பெரிய அரிச்சந்திரனா? கருங்கல்ல முழுக்கக் கள்ளப்படம்லா செய்துக்கிட்டு இருந்தீரு."

"செய்தேன். பெண்ணுவள வெளுக்க வச்சேன். அதுல ஆருக்கும் நட்டமில்ல. இஞ்ச அப்பிடியில்ல. கண்ணு தெரியாத ஒரு பிள்ள அழிக்கிற பட்டன அமுக்கிட்டு, விண்ணப்பம் போயாச்சுன்னு வீட்டுல காத்துக் கெடக்கும். பணம் ஏன் வரல்லன்னும் அதுக்கு வெளங்காது. காலேஜும் தொறந்திரும்."

"கையெழுத்து இல்லன்னா வேலையும் இல்ல."

செல்வதாஸ் மேசையின் விளிம்பை விரலால் தடவினார். பூட்டிய ஸ்டுடியோவை நினைத்தாரோ என்னவோ. பிறகு போனை எடுத்தார்.

"ஏட்டி ஜிஷா, வேல போச்சு. மீனு ஒண்ணும் வாங்காண்டாம்."

அந்தப் பக்கம் என்னவோ சொன்னார்கள். அவர் முகம் இளகியது.

"அவ வாங்கியாச்சாம். நெய்மீனாம். நான் வாறேன் சாரே," என்று எழுந்துவிட்டார்.

நிறுவனம் கலங்கவில்லை. சோதனைப் பொறுப்பு என்னிடம் வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, தளத்துக்குள் இறங்கினேன். சிரமமாகத்தான் இருந்தது. ஆகவே ஒரு கண்ணை மட்டும் திறந்துகொண்டேன். அதன் பிறகு எல்லாம் சுலபமாக நடந்தது. சான்றிதழில் என் பெயருக்குக் கீழே 'சோதனை நேரத்தில் பார்வையற்றவர்' என்று மனசாட்சிக்கு விரோதமில்லாமல் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டேன்.

விழா சிறப்பாக நடந்தது. பாயசம் இரண்டு வகை.

செல்வதாஸ் இப்போது கருங்கல்லில் வீட்டிலிருந்தபடியே ஒரு கொச்சி நிறுவனத்துக்குச் சோதனை செய்கிறார். இங்கே வாங்கியதைவிடச் சம்பளம் கூடுதல் என்று ஜெஃப்ரின் சொல்கிறான். அவனும் அங்கே விண்ணப்பித்திருக்கிறான். ஒருநாள் செல்வதாஸ் எனக்குப் போன் செய்தார்.

"சாரே, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. அந்த அழிக்கிற பட்டனுக்கு மட்டும் ஒரு பேரு எழுதிப் போடுங்க. அஞ்சு நிமிச வேலதான். நான் வேணும்னா சும்மாவே வந்து செய்து தாறேன்."

ஆவன செய்யப்படும் என்று உறுதியளித்தேன். கோரிக்கை பரிசீலனையில் இருக்கிறது.

தளம் தொடங்கி ஓராண்டு நிறைந்துவிட்டது. அனைவரையும் அரவணைக்கும் நிறுவனம் என்று எங்களுக்கு ஒரு விருதும் கிடைத்திருக்கிறது. அதற்குத் தகுதியானவர்கள்தாம் நாங்கள். ஏனென்றால், பார்வையற்றவர்களிடமிருந்து இன்றுவரை ஒரு புகார்கூட வரவில்லை. புகார் அனுப்புவது மிக எளிது. படத்தில் கோணல்மாணலாகத் தெரியும் ஐந்து எழுத்துகளைப் பார்த்துத் தட்டச்சு செய்து, தாம் மனிதர்தான் என்று நிரூபித்தால் போதும்.

அவர்களில் ஒருவர்கூட இதுவரை நிரூபிக்கவில்லை.