எல்லாருக்கும் ஒரே சம்பளம்

தேயிலைத் தோட்டத்தில் முப்பது வீடு ஏறி இறங்கியாயிற்று. முப்பது வீட்டிலும் மாத வருமானம் இருபத்தி நாலாயிரத்து ஐநூறு! தர்மிளாவுக்குத் தலை சுற்றியது.

பல்கலைக்கழகத்தில் அவளுக்கு இறுதி வருடம். தேயிலைக்காரர், ரப்பர்காரர், பக்கத்திலுள்ள கலவான என்ற டவுனின் கடைக்காரர் என்று மூன்று கூட்டத்தாரின் சராசரி வருமானத்தை ஒப்பிட்டு ஆய்வு எழுத வேண்டும். கூட்டத்துக்குக் கூட்டம் உள்ள வித்தியாசத்தை, கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசத்தால் வகுக்கிற கணக்கு. உள்ளே வித்தியாசமே இல்லையென்றால் எதால் வகுப்பதாம்? கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

இத்தனைக்கும் ஒத்திகை அருமையாகத்தான் போனது. முதலில் அம்மா விஜயகலாவிடம் கேட்டுப் பார்த்தாள். "ஏதோ வருது, போகுது" என்று மழுப்பிய அம்மா, கெஞ்சிய பிறகு விரல் மடக்கி ஒரு தொகையைச் சொன்னாள். தர்மிளா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "இப்படித்தாம்மா எல்லாரும் சொல்லணும்" என்றாள்.

இப்போது ஆய்வைப் பார்க்கும் பல்கலைக்கழக சேர் ஃபோனில் வறுத்தெடுத்தார். வீட்டில் உட்கார்ந்து இட்டுக்கட்டிய விவரம் என்றே முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் உண்மையான விவரம் வராவிட்டால் பட்டம் கிடையாது.

நிவாரணத்தை வெட்டிவிடுவார்கள் என்று பயந்து மறைக்கிறார்களோ? ரப்பர் டிவிஷனில், இது அரசாங்கத்துக்குப் போகாது, சாமி சத்தியம் என்று வீட்டுக்கு வீடு சொன்னாள். முத்துவீரன் மாமா ரப்பர் பால் வாளியைக் கீழே வைத்துவிட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கைகட்டி நின்றார்.

"இருபத்தி நாலாயிரத்து ஐநூறும்மா."

அடுத்த வீட்டிலும் அதே. அட்டைக் கடிதான் மிச்சம். இப்போது சராசரிகளும் ஒன்றாகி, பூச்சியத்தைப் பூச்சியத்தால் வகுக்கிற நிலைமைக்கு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து, டவுனிலும் யாரும் ஒழுங்காகச் சொல்லாவிட்டால் தன் படிப்பே பாழ் என்று புலம்பினாள். அம்மாவுக்குக் கண் கலங்கியது. பயப்படாமல் தூங்கச் சொல்லிவிட்டு, வழக்கம்போல ஃபோனோடு வாசலுக்குப் போனாள்.

மறுநாள் நுஹ்மான் நானாவின் பலசரக்குக் கடை. இரண்டு மாடி, வாசலில் புத்தம்புது வேன். இவராவது வேறு தொகை சொல்லாமல் எங்கே போவார் என்று தர்மிளா தெம்பாக உட்கார்ந்தாள். நானா கண்ணைக்கூட இமைக்கவில்லை.

"இருபத்தி நாலாயிரத்து ஐநூறு."

"நானா, வெளிய நிக்கிற வேன்?"

"அது வேற கணக்கு மகள். நீங்க இத எழுதுங்க."

தர்மிளா அரிசி மூட்டையில் சாய்ந்து அழுதே விட்டாள். நாலு வருடப் படிப்பு, அம்மா கொழுந்து பறித்துப் படிக்க வைத்தது, எல்லாம் போச்சு. நானா பதறிப்போய் ஒரு சோடாவை உடைத்து நீட்டினார்.

"அழாதீங்க மகள். ஒங்கட அம்மா சொன்ன தொகையத்தான் எல்லாரும் சொல்லோணும்னு நீங்களே சொன்னீங்களாமே. பிழையா சொல்லி ஒங்கள ஃபெயிலாக்க எங்களுக்கு மனசு வருமா?"