அசையாமல் படுத்துக் காட்டியவன்

விற்பனைத் தொழிலில் இருப்பவர்கள் வெளியே சொல்லாத உண்மை ஒன்று உண்டு. எந்தப் பொருளைப் பற்றி வாய் ஓயாமல் பேசுகிறோமோ, அதை நாங்கள் பயன்படுத்திப் பார்த்திருக்கவே மாட்டோம். பத்து வருடங்களுக்கு முன்பு, மூன்று மாதம் புனே முழுக்க ஸ்கூட்டரில் அலைந்து காற்று மெத்தை விற்கப் பார்த்தேன். அதில் நானாக ஒரு தடவைகூட முதுகைச் சாய்த்ததில்லை. (சாய்க்கவும் வராது. உட்கார்ந்தால் கால் ஆடும்; காலை அடக்கினால் கை ஆடும்.)

படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு, ஒரே இடத்தில் அழுத்தம் விழுந்து படுக்கைப்புண் வரும். என் மெத்தையில் ஒரு வரிசைக் காற்றறைகள் உப்பும்போது அடுத்த வரிசை வற்றும். அழுத்தம் இடம் மாறிக்கொண்டே இருக்கும். நல்ல சரக்குதான். ஆனால் ஒன்றுகூடப் போகவில்லை. அந்த வாரமும் போகாவிட்டால் வேலை காலி. சிஞ்ச்வட் பட்டறையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "பேசாம என்கூட வந்துடு. இரும்பு உன்கிட்ட கேள்வி கேக்காது" என்று தினமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி நம்பிக்கையாக ஔந்த் பகுதியில் இருந்த ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போனேன். தலைமை நர்ஸ் ஜெயராணி சிஸ்டர், திருநெல்வேலிக்காரர். சாதா ஃபோம் மெத்தை, கனமான உயர்தர ஃபோம், என் காற்று மெத்தை மூன்றையும் அடுத்தடுத்த கட்டில்களில் போட்டுப் பார்க்கச் சம்மதித்தார்.

நான்காவது கட்டிலில் கோரே காகா இருந்தார். (மராட்டியில் காகா என்றால் சித்தப்பா. பறவை இல்லை.) பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. சிஸ்டர் அவரை ஒருக்களித்துப் பிடித்து, வால் எலும்பின் மேல் இருந்த சிவப்பை விரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் சிவப்பு அப்படியே இருந்தது. சிஸ்டரின் முகம் மாறிவிட்டது.

"இது ஆரம்பம். விட்டா புண்ணாயிரும்."

"கவலையே வேண்டாம் சிஸ்டர். இந்த மெத்தையில போட்டுட்டா திருப்பிப் படுக்க வைக்கிற வேலையே கிடையாது."

"திருப்பவே வேண்டாமா?"

"வேண்டவே வேண்டாம்." (இந்த வாக்கியம் எங்கள் கம்பெனிக் கையேட்டில் இல்லை. என் வாயின் சொந்தத் தயாரிப்பு.)

"அப்போ நீங்க மூணுலயும் படுங்க. ரெண்டு மணி நேரம். அசையக் கூடாது. ரெண்டு மணிக்கொருக்கா நாங்க திருப்புற வரைக்கும் அவரால அசைய முடியாதுல்லா, அதே மாதிரி."

காகாவைத் தலையணை கொடுத்து என் பக்கமாக ஒருக்களிக்க வைத்து, என்னைக் கண்காணிக்கும் வேலையைக் கொடுத்தார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த மேலதிகாரிகளிலேயே கறாரானவர் அவர்தான்.

சாதா ஃபோமில் ஏழாவது நிமிடமே இடுப்பில் ஏதோ குத்தியது. பின்பாக்கெட்டில் ஸ்கூட்டர் சாவி.

"சிஸ்டர், இதை மட்டும் எடுத்துக்கவா?"

"அவர் முதுகுக்கு அடியில மாத்திரை அட்டை கிடந்தா அவர் எடுப்பாரா?"

கை தானாகப் போனது. "ஹலலா!" என்றார் காகா. அசைந்துவிட்டான்! சிஸ்டர் என்னை அடுத்த கட்டிலுக்கு மாற்றினார்.

கனமான ஃபோம் பரவாயில்லை. ஆனால் மூக்கு அரித்தது. "ஹலலா!"

காற்று மெத்தை உண்மையிலேயே சுகமாக இருந்தது. முதுகு தப்பித்தது; குதிகால் மட்டும் எரிந்தது. காலை வேறு பின்னிக்கொண்டு படுத்துவிட்டேன். மூக்கு, காது, கழுத்து என்று அரிப்பு ஊர்வலம் போனது. உடம்பு முழுக்கத் திரும்பு திரும்பு என்று கெஞ்சியது. நாற்பது நிமிடம் தாக்குப்பிடித்தேன்.

அப்போது இல்லத்தின் டாக்டர், தங்கள் வீட்டுப் பெரியவருக்கு இடம் பார்க்க வந்த ஒரு குடும்பத்தோடு உள்ளே நுழைந்தார். அந்தக் குடும்பத்து அம்மாள் ஒருவர் என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அரே, இத்னா ஜவான்!" இவ்வளவு சின்ன வயசாமே! புது நோயாளியோ என்று டாக்டரும் தலைமாட்டில் சீட்டைத் தேடினார்.

மானம் போகிறதே என்று துள்ளி எழுந்தேன். நான் எழுந்தேன், வலது கால் எழவில்லை, மரத்துப்போயிருந்தது. தரையில் விழுந்தேன். விழும்போது பம்பிலிருந்து மெத்தைக்குப் போகும் காற்றுக் குழாயையும் பிடுங்கிக்கொண்டு போனதில், என் நல்ல சரக்கு 'புஸ்ஸ்ஸ்' என்று நீளமாகப் பெருமூச்சு விட்டு அடங்கியது. அந்தக் குடும்பம் மாடியைக்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட்டது. காகா பாதி உதட்டால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அந்த இல்லத்தில் யார் விழுந்தாலும் பதிவேட்டில் எழுதியாக வேண்டுமாம்; டாக்டர் என் வயதைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

கிளம்பலாம் என்று பம்பின் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

"எங்க போறீங்க? மூணுல எது நல்லாருந்துச்சு? பொய் சொல்லாம சொல்லுங்க" என்றார் சிஸ்டர்.

"சாதா ஃபோம் ஆகவே ஆகாது. கனமானது தாங்கலாம். என்னோடது அதைவிட நல்லாருக்கு. ஆனா குதிகால் அதுலயும் எரியுது. எதுல போட்டாலும் யாரையும் அப்படியே விட்டுடாதீங்க சிஸ்டர். திருப்பணும்."

"இத முதல்லயே சொல்லிருக்கலாம்லா?"

கெண்டைக்கால்களுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால்கள் மெத்தையில் படாமல் காகாவை மறுபக்கம் திருப்பினார். நான் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டேன். காற்று மெத்தை இரண்டு வாங்கினார். முதல் மெத்தை காகாவுக்கு. என் வேலை பிழைத்தது. அடுத்த தடவை போனபோது காகாவின் சிவப்பும் மறைந்திருந்தது.

வீட்டில் இதைச் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஞாயிற்றுக்கிழமை மதியம் சோபாவில் கண்ணயர்ந்தால் போதும், மனைவி தலைப்பக்கமும் ஏழு வயது மகள் கால்பக்கமும் வந்து நிற்கிறார்கள். "பப்பா, தோன் தாஸ் ஜாலே, திரும்பு!" என்று மராட்டியும் தமிழுமாகக் கத்துகிறாள் மகள். இரண்டு மணி நேரம் ஆகிவிட்டதாம். நான் படுத்துப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது; அதற்குள் இருவரும் சேர்ந்து என்னைத் தரையில் உருட்டிவிடுகிறார்கள்.