நரி வேகப்படுத்திய நுண்ணோக்கி

ஒரு காட்டில் ஒரே ஒரு நுண்ணோக்கி இருந்தது. சிரிக்காதீர்கள், பக்கத்துக் காட்டில் அதுவும் கிடையாது. அதன் அடியில் மின்மினிகள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். ஒரு மின்மினி தன் மூலையிலிருந்து வெளிச்சம் காட்டும். ஆந்தை அமிர்தலிங்கம் ஒரு படம் எடுக்கும். பிறகு அடுத்த மின்மினி, அடுத்த படம். எல்லாமே மங்கல்தான். ஆனால் சிலந்தி உட்கார்ந்து கணக்குப் போட்டு அத்தனையையும் ஒன்றாகப் பின்னிவிட்டால், ரத்தத்தில் நெளியும் புழுவின் மீசைகூடத் தெரியும்.

காலையில் வைத்த ரத்தத்துக்குச் சாயங்காலம்தான் படம் வரும். வரிசை ஆற்றங்கரை வரை நிற்கும். அரண்மனை ஆட்கள் மட்டும் ஒரு நோயும் இல்லாமலேயே பின்வாசல் வழியாக வந்து, வாராவாரம் ரத்தம் பார்த்துக்கொண்டு போவார்கள்.

"வரிசை என் கண்ணில் படக்கூடாது" என்றார் சிங்க ராஜா. வேகப்படுத்தும் பொறுப்பு வெளிக்காட்டில் படித்துவந்த நரிக்குப் போனது.

நரி முதலில் செய்தது நல்ல காரியம், சும்மா சொல்லக்கூடாது. பல மின்மினிகளை ஒரே நேரத்தில் எரியவிட்டது. எடுக்க வேண்டிய படங்கள் குறைந்தன. சிலந்தி கொஞ்சம் மண்டையை உடைத்துக்கொண்டு பிரித்துப் பின்னியது. மத்தியானத்துக்குள் படம் வந்துவிட்டது. ராஜா கைதட்டினார், வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அடுத்த கைதட்டலுக்காக நரி சிலந்தியை அனுப்பிவிட்டுக் கிளியைக் கொண்டுவந்தது. "பழைய படத்தையெல்லாம் நல்லாப் பார்த்துக்கோ. இனிமே ஒரே ஒரு மங்கல் படம் தருவோம், மிச்சத்தை நீயே வரைஞ்சிடு" என்றது. வரிசையில் நின்றவர்களின் படங்களை யார் பத்திரப்படுத்தினார்கள்? கிளி பார்த்ததெல்லாம் புழுவே இல்லாத அரண்மனை ரத்தம்தான்.

அந்தச் சமயத்தில்தான் மான் செண்பகம் காய்ச்சலில் நடுங்கும் குட்டியோடு வந்தாள். மருந்து தயாராக இருந்தது. ஆனால் புழு இருந்தால்தான் கொடுக்கலாம். இல்லாத உடம்பில் அது விஷம். அவள் உட்காருவதற்குள் படம் வந்துவிட்டது. பளிச்சென்ற, அழகான ரத்தம். புழு இல்லை.

"நல்லாப் பாருங்கய்யா, புள்ள நிக்க முடியாமக் கெடக்கு" என்றாள்.

"படத்தைப் பாரும்மா. இவ்வளவு தெளிவா இந்தக் காட்டிலேயே வந்ததில்லை" என்றது நரி.

செண்பகம் ஆந்தையிடம் போனாள். "பழையபடி ஒரு தடவை எடுங்கண்ணே. சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கேன்."

"ஒண்ணே ஒண்ணை விட்டுட்டு மிச்ச மின்மினிங்களை எல்லாம் அரண்மனைத் தோட்டத்துல அலங்காரத்துக்கு வச்சிட்டாங்கம்மா" என்று ஆந்தை தலையைத் திருப்பிக்கொண்டது. ஆந்தைகளுக்கு அது சுலபம்.

மறுநாள் குட்டி செத்துப்போனது. செண்பகம் அதைச் சபை நடுவில் கிடத்தினாள். "இது எதனால செத்துச்சுன்னு சொல்லுங்க" என்றாள்.

நரி குட்டியைப் பார்த்தது. படத்தைப் பார்த்தது. மறுபடியும் படத்தைத்தான் பார்த்தது.

"ராஜா, இவளுடைய குட்டி நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது, இதோ ஆதாரம். இது வேறு யாருடைய குட்டியோ."

சபை தலையாட்டியது. அடுத்தவர் குட்டியைத் திருடிவந்ததாகச் செண்பகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள்.

நீதி: படம் சீக்கிரமாகவும் தெளிவாகவும் வந்துவிட்டால், அதற்குத் தகுந்தபடி நடந்துகொள்வது நோயாளியின் கடமை.